ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போனவர்

ஹாஜா முகைதீன் மூன்று வருஷமாகத் தினமும் பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மில் வாசலில் இருந்த விரல் ரேகை மிஷின் அதற்குச் சாட்சி. கேட் கேமரா இன்னொரு சாட்சி. ஹெச்.ஆர். மேனேஜர் கோபிநாத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவார். இத்தனை பேர் சொல்லியும் நம்பாத ஒரே ஆள், குளத்தூரில் அந்த வீட்டிலேயே இருந்த அவருடைய மனைவி ரஹ்மத் நிஷாதான். அவள் புருஷன் முகத்தை ராத்திரி இஷா பாங்கு சொன்ன பிறகுதான் பார்த்து வந்தாள்.

மில்லுக்கு நல்லுள்ளம் நூற்பாலை என்று பெயர். திருச்சி ரோட்டில், நார்த்தாமலைக்குப் பிரியும் விலக்குக்குக் கொஞ்சம் தள்ளி, தென்னை மரம் உயரத்துக்குக் காம்பவுண்டு சுவர் வைத்து நிற்கிறது. ஹாஜா முகைதீன் அங்கே ஃபிட்டர். நூல் நூற்கும் ராட்சச மிஷின்களில் ஏதாவது ஒன்று முனகினால், ஸ்பானரோடு ஓட வேண்டியது அவர் வேலை. முதலில் ஃபிட்டர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் துபாய் போனார், ஒருவர் செத்துப் போனார். அந்த இரண்டு இடத்துக்கும் ஆள் எடுக்கப் போவதாக மில் நிர்வாகம் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது.

நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிதான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது. வாரத்துக்கு ஐம்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து அதிகம் என்று ஆராய்ச்சியில் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் தொழிலாளர்களை இப்படி வாட்டினால் உங்களிடம் நூல் வாங்க மாட்டோம் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். எம்.டி. பாலாஜி அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பேச்சு. மூன்றாம் நாள் எல்லோரையும் கேண்டீனில் கூட்டி வைத்து மைக்கைப் பிடித்தார்.

"நீங்க என் குடும்பம். உங்கள்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா எனக்கு வலிக்கும். ஏன்னா ஆர்டர் போயிரும். அதனால இன்னைல இருந்து இந்த மில்லுல ஒரு ஆள் எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை பாத்ததா எங்கயும் பதிவாகக் கூடாது. மீறினா கடுமையான நடவடிக்கை எடுப்பேன். ஒங்க இதயம் எனக்கு முக்கியம்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஹாஜா முகைதீன் கை வலிக்கத் தட்டினார். காலை ஆறு மணிக்கு வருபவர் அவர். எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி. இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய், சோறு தின்று, சாயங்கால அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கே போகலாம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சரியாக இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. கிரீஸ் போகக் கை கழுவி, மிஷினில் பெருவிரலை வைத்து, கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். பின்னாலேயே சூப்பர்வைசர் சார்லஸ் ஓடி வந்தார்.

"பாய், எங்க போறீங்க?"

"வீட்டுக்கு சார். ரெண்டு மணி ஆயிருச்சுல்ல."

"அதான் வீட்டுக்குப் போயாச்சுல்ல? விரல் வச்சாச்சு, கேமராலயும் விழுந்தாச்சு. பின்னாடி கேட்டு வழியா சீக்கிரம் வாங்க. ஏழாம் நம்பர் மிஷின் நிக்குது."

ஹாஜா முகைதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸையும் பார்த்தார், சார்லஸையும் பார்த்தார். பிறகு சார்லஸ் பின்னாலேயே காம்பவுண்டைச் சுற்றி, கழிவுப் பஞ்சு கொட்டிக் கிடக்கும் சந்து வழியாக நடந்து, கேமரா இல்லாத பின் கேட்டில் நுழைந்தார். அங்கே ஏற்கெனவே பெரிய வரிசை நின்றது. எல்லோரும் வீட்டுக்குப் போனவர்கள்.

அதிலிருந்து மில்லில் புதுப் பேச்சு வழக்கு ஒன்று வந்துவிட்டது. இரண்டு மணிக்கு மேல் செய்யும் வேலைக்கு "வீடு" என்று பெயர். "இன்னைக்கு வீட்டுல எத்தனை மணி வரைக்கும்?" என்று ஒருவர் கேட்பார். "எட்டு மணி வரைக்கும் வீட்டுல" என்று மற்றவர் பெருமூச்சு விடுவார். பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும் இடத்தைச் "சொந்த வீடு" என்று பிரித்துச் சொல்லிக்கொண்டார்கள். ஹாஜா முகைதீனுக்குப் பக்கத்து மிஷினில் வேலை பார்த்த மூக்கன் ஒருநாள் சொன்னான்: "மாமா, என் மக நேத்து என்னையப் பாத்து யாருன்னு கேட்டுச்சு. சொந்த வீட்டுக்கு அப்பப்ப போகணும் போல." மூக்கன் சிரித்தான். ஹாஜா முகைதீனும் சிரித்தார். மூக்கனின் மனைவி வனிதாவும் அதே மில்லில்தான் நூல் சுற்றும் பிரிவில் இருந்தாள். அவளும் இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுபவள்.

அந்த வருஷமே மில்லுக்கு "இதயம் காக்கும் ஆலை" என்று ஒரு கேடயம் கிடைத்தது. அதை ரிசப்ஷனில் வைத்து மாலை போட்டார்கள். "இதயப் பாதுகாப்புக் குழு" ஒன்று அமைத்தார்கள். குழு வேலை நேரத்தில் கூடினால் உற்பத்தி கெடும் என்பதால், அது இரண்டு மணிக்கு மேல், அதாவது உறுப்பினர்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, மில்லில் கூடியது. நீண்ட நேர வேலையைக் குறைப்பது எப்படி என்று விவாதித்துவிட்டு, விவாதத்தில் போன நேரத்தையும் சேர்த்து வேலை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஒருநாள் வெளிநாட்டுக்காரர்கள் திடீரென்று மூன்று மணிக்குச் சோதனைக்கு வந்துவிட்டார்கள். கோபிநாத் கலங்கவில்லை. வீட்டுக்குப் போன அத்தனை பேரையும் பஞ்சு குடோனில் தள்ளி வெளியே பூட்டினார். உள்ளே காற்றாடி கிடையாது. பஞ்சுப் பொதிகள் மேல் ஆணும் பெண்ணும் முட்டி மோதி உட்கார்ந்திருந்தார்கள். தொண்டையில் பஞ்சு இறங்கியது, ஆனால் இருமக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் மில்லில் இருமினால் கேவலம். ஹாஜா முகைதீனுக்கு அன்றுதான் முதன்முதலாகப் பின்மண்டையில் ஒரு வலி வந்தது. வாயில் துண்டை வைத்துக்கொண்டு தலையைப் பிடித்தபடி இருந்தார்.

வெளியே சோதனைக்காரர்கள், ஆள் இல்லாமல் மிஷின்கள் எப்படி ஓடுகின்றன என்று கேட்டார்கள். சோதனை ஓட்டம் என்றார் கோபிநாத். அப்படியானால் மிஷினுக்கு மிஷின் ஆவி பறக்கும் டீ கிளாஸ் ஏன் இருக்கிறது என்று கேட்டார்கள். "அதெல்லாம் நான் குடிக்கிறது" என்றார் கோபிநாத். இந்த மேனேஜர் ஒரே சமயத்தில் இவ்வளவு டீ குடிப்பது அவருடைய இதயத்துக்கு நல்லதல்ல என்று அவர்கள் தங்கள் அறிக்கையில் கவலை தெரிவித்திருந்தார்கள். மற்றபடி மில்லுக்கு முழு மதிப்பெண்.

அடுத்து மருத்துவ முகாம் வைத்தார்கள். நர்ஸம்மா மணிமேகலை ஹாஜா முகைதீனின் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

"பாய், நூத்தித் தொண்ணூறுக்கு மேல நிக்குதே. தலை வலிக்கலயா ஒங்களுக்கு?"

"வலிக்கும்மா. வேலைன்னா வலிக்கத்தானே செய்யும்."

பக்கத்தில் நின்ற கோபிநாத் எட்டிப் பார்த்தார். "மிஷினை மாத்திப் பாருங்க சிஸ்டர்." மாற்றிப் பார்த்தார். இரண்டாவது மிஷின் இன்னும் கூட்டிச் சொன்னது. கோபிநாத் யோசித்தார். "இவரு ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போற ஆளு. மிச்ச நேரம் பூரா ரெஸ்ட்டு. இவருக்கு எப்படிங்க பிரஷர் வரும்? வீட்டுல ஏதோ டென்ஷன். பாய், வீட்டம்மாகிட்ட அனுசரிச்சுப் போங்க."

நர்ஸம்மா மாத்திரை கொடுத்து, கட்டாயம் ஓய்வு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ரஹ்மத் நிஷா அதைக் கேட்டுவிட்டுச் சோற்றுத் தட்டை முன்னால் வைத்தபடி அழுதாள்.

"மச்சான், போதும் இந்த வேலை. நமக்கு இருக்கறது தஸ்லீமா ஒருத்திதான், அவளையும் கட்டிக் குடுத்தாச்சு. கீரனூர்ல சைக்கிள் கடை வச்சுக்கூட பொழச்சுக்கலாம். நீங்க இருந்தாப் போதும் எனக்கு."

"இந்த ஆர்டர் முடியட்டும் நிஷா. இன்னொரு ஃபிட்டர் வந்துட்டா நான் நெசமாவே ரெண்டு மணிக்கு வந்துருவேன்."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி நம்பினார். அதுதான் ஹாஜா முகைதீனிடம் இருந்த கோளாறு.

புரட்டாசி வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அவர் விழுந்தார். நாலு மணி டீ அப்போதுதான் வந்திருந்தது. கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார், கை போகவில்லை. என்னடா இது என்று கையைப் பார்த்தார். அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் தரை அவர் கன்னத்தில் இருந்தது. மூக்கன் டீ கிளாஸைப் போட்டுவிட்டு "மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தப் பிரிவில் இருந்த ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் வந்து சுற்றி நின்றார்கள். ஹாஜா முகைதீனுக்கு எல்லோருடைய முகமும் தெரிந்தது, பேசுவதெல்லாம் காதில் விழுந்தது. ஒன்றுமில்லை, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் மட்டும்தான் வந்தது.

கோபிநாத் வந்து சேர்ந்தார்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க சார்," என்றான் மூக்கன்.

"கூப்பிடலாம். கூப்பிட்டா எங்க விழுந்தாருன்னு கேப்பாங்கள்ல?"

"இங்கதான் சார் விழுந்தாரு! கண்ணு முன்னாடி கெடக்காரே!"

"மூக்கா, பதட்டப்படாத. பாய் ரெண்டு மணிக்கு வெளிய போயிட்டாரு. ரெக்கார்டு இருக்கு. வெளிய போனவரு உள்ள எப்படி விழ முடியும்?"

கோபிநாத் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு உண்மையிலேயே அது பெரிய சிக்கலாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் முடிவெடுக்கத்தான் இதயப் பாதுகாப்புக் குழு இருக்கிறது என்று சார்லஸ் ஞாபகப்படுத்தினார். குழுவில் அவரையும் சேர்த்து ஆறு பேர். ஆனால் ஆறு பேருமே இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டவர்கள். வீட்டுக்குப் போனவர்களை வைத்து மில்லுக்குள் அவசரக் கூட்டம் நடத்தியதாக எழுத முடியுமா என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். முடியாது என்று தெரிந்தது. கடைசியில் எம்.டி.க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"ஐயோ, நம்ம ஹாஜா பாயா? தங்கமான மனுஷன் ஆச்சே! அவரை எப்படியாவது காப்பாத்தணும். இந்த மாதிரி நேரத்துல ஒரு மனுஷன் குடும்பத்தோட இருக்கணும் கோபிநாத். மில்லு வேன்லயே அவரு வீட்டுல கொண்டுபோய் விடுங்க. அங்க இருந்து ஆம்புலன்ஸ் கூப்பிடட்டும். டயத்தை வேஸ்ட் பண்ணாதீங்க, எனக்கு மனசு தாங்கல."

வேனில் மூக்கன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டான். வண்டி ஊர்ப் பக்கம் திரும்பும்போது, "அண்ணே, அங்கிட்டு எதுக்கு? ரோட்டு மேலேயே நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே" என்று டிரைவரைக் கெஞ்சினான். "வீட்டுக்குன்னுதான்ப்பா சொல்லியிருக்காக. பின்னாடி கார்ல வாராரு பாரு" என்றார் டிரைவர். மூக்கன் திரும்பிப் பார்த்தான். கோபிநாத்தின் கார் வந்துகொண்டிருந்தது. அவன் கண்ணீர் ஹாஜா முகைதீனின் இடது கன்னத்தில் விழுந்தபோது சுட்டது. வலது கன்னத்தில் விழுந்தது தெரியவே இல்லை.

ரஹ்மத் நிஷா வாசலில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வேலை நாளில் புருஷனை வெயில் வெளிச்சத்தில் பார்ப்பது அவளுக்கு மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவரை நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

"அல்லாவே! மச்சான்! என்னாச்சு இவுகளுக்கு?"

"அக்கா, பாய் வீட்டுல விழுந்துட்டாரு," என்றார் கோபிநாத். "சீக்கிரம் 108க்குப் போன் போடுங்க."

"வீட்டுலயா? இப்பத்தானே தூக்கிட்டு வாரீங்க?"

"ஆமா, வீட்டுக்கு வந்ததும் விழுந்துட்டாரு. பேசிக்கிட்டு இருக்க நேரமில்லக்கா."

அவரைக் கூடத்தில், விழுந்தால் எப்படி விழுந்திருப்பாரோ அப்படிப் படுக்க வைத்தார்கள். கோபிநாத் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியதால் மறுபடி நிமிர்த்தி வைத்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து, புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய், ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது மணி ஆறே முக்கால்.

டாக்டர் தேவிப்ரியா சின்ன வயசுப் பெண். ஸ்கேனைப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. ரத்தக்கசிவு இல்ல, அது நல்ல விஷயம். அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். கடைசியா இவரை நல்லா இருக்கும்போது எப்பப் பாத்தீங்க?"

"ரெண்டு மணிக்கு டாக்டர்," என்றார் கோபிநாத். செல்போனைத் திறந்து விரல் ரேகைப் பதிவைக் காட்டினார். கேமராப் படத்தையும் காட்டினார். அதில் ஹாஜா முகைதீன் டிபன் பாக்ஸோடு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணின்னா நேரம் தாண்டிருச்சே. அதுக்கப்புறம் யாரு பாத்தா?" ரஹ்மத் நிஷா பக்கம் திரும்பினார். "நீங்க எப்பம்மா பாத்தீங்க?"

"அஞ்சு மணிக்கு மேல இவுக தூக்கிட்டு வந்தாகம்மா. வரும்போதே வாயி கோணிப் போயித்தான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணும் தெரியாதே தாயி."

"நடுவுல யாராவது? ஒரே ஒரு ஆளாவது பாத்தீங்களா? நேரத்தை மாத்திச் சொல்லி ஊசி போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிரே போயிரும். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஹாஜா முகைதீனுக்கு எல்லாம் கேட்டது. நாலு மணி. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாலு மணிக்கு டீ வந்தது, நான் விழுந்தேன், இன்னும் நேரம் இருக்கிறது, ஊசியைப் போடுங்கள். அவர் நாக்கை உந்தி உந்திப் பார்த்தார். பிறகு கண்ணைத் திருப்பி மூக்கனைப் பார்த்தார். தன் உயிர் முழுவதையும் கண்ணில் கொண்டுவந்து பார்த்தார்.

மூக்கன் கோபிநாத்தைப் பார்த்தான். கோபிநாத் அவனை மிரட்டவில்லை, அன்பாகத்தான் பார்த்தார். மூக்கனின் வேலையும் அவன் மனைவியின் வேலையும் அவர் கையில் இருந்தன. போதாததற்கு, தப்பாகச் சொன்னால் உயிர் போய்விடும் என்று டாக்டர் வேறு சொல்கிறார். தான் சொல்வது தப்பா சரியா என்பதே அவனுக்குக் குழம்பிவிட்டது. மூன்று வருஷம் தினமும் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனவனுக்கு நாலு மணிக்கு எங்கே இருந்தோம் என்று சட்டென்று சொல்ல வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

ஊசி போடவில்லை.

உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு, குழந்தைக்கு வருவது மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. முதலில் "தண்ணி" வந்தது. பிறகு "நிஷா" வந்தது. அன்று ரஹ்மத் நிஷா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சீனி கொடுத்தாள்.

மில்லிலிருந்து இதயப் பாதுகாப்புக் குழு வீட்டுக்கு வந்து விசாரணை நடத்தியது. வீட்டில் சத்தம் அதிகமா, சாப்பாட்டில் உப்பு எவ்வளவு, கணவரிடம் எதிர்த்துப் பேசும் பழக்கம் உண்டா என்று ரஹ்மத் நிஷாவிடம் கேட்டார்கள். கடந்த மூன்று வருஷத்தில் நடந்த மயக்கம், நெஞ்சுவலி எல்லாவற்றையும் குழு ஆராய்ந்திருந்தது. அத்தனையும் இரண்டு மணிக்கு மேல், வீட்டில்தான் நடந்திருக்கிறது. மில் பாதுகாப்பாக இருக்கிறது, வீடுகள்தான் ஆபத்தானவை என்பது குழுவின் முடிவு. தொழிலாளர்களின் மனைவிமார்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தப் பரிந்துரை செய்திருந்தார்கள்.

கோபிநாத் பொறுமையாக விளக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எட்டு மணி நேரம் எங்ககிட்ட இருந்தவரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆகல. மிச்சம் பதினாறு மணி நேரம் ஒங்ககிட்டதானே இருந்தாரு?"

ரஹ்மத் நிஷாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "என்கிட்டயா? என்கிட்ட எப்பங்க இருந்தாரு? வந்து விழுந்து தூங்குவாரு, எந்திரிச்சு ஓடுவாரு. இவருகூட ஒக்காந்து ஒருவாய் சோறு தின்ன நாள் எனக்கு நெனப்புல இல்ல. என்கிட்ட இருந்திருந்தா என் மச்சான் இப்படிக் கெடக்க மாட்டாரு. எந்திரிச்சுப் போங்க எல்லாரும்."

எதிர்த்துப் பேசும் பழக்கம் உண்டு என்று சார்லஸ் குறித்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் மூக்கன் மட்டும் வரவே இல்லை. யார் கையிலாவது வாழைப்பழம் கொடுத்து அனுப்புவான். ஹாஜா முகைதீன் பழத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், தின்ன மாட்டார்.

அடுத்த வருஷம் உலக இதய நாளை மில் வெகு விமரிசையாகக் கொண்டாடியது. காலையில் வைத்தால் உற்பத்தி பாதிக்கும் என்பதால் இரண்டரை மணிக்கு வைத்தார்கள். எல்லோரும் விரல் வைத்து வீட்டுக்குப் போய், பின் கேட் வழியாகக் கேண்டீனுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஹாஜா முகைதீனைச் சக்கர நாற்காலியில் வைத்து முன்னால் நிறுத்தி, சால்வை போர்த்தினார்கள். ரஹ்மத் நிஷாவுக்கு வர இஷ்டமில்லை. அந்த டாக்டரம்மாதான் சிறப்பு விருந்தினர் என்று தெரிந்ததும், அவருக்காக வந்தாள்.

எம்.டி. பேசினார். "இந்தப் பாயைப் பாருங்க. எட்டு மணி நேரம்தான் வேலை பாத்தாரு. அப்படியும் பக்கவாதம் வந்துருச்சு. இதுல இருந்து என்ன தெரியுது? வேலை நேரத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்ல. அந்த ஆராய்ச்சியே தப்புன்னு நம்ம மில்லு நிரூபிச்சிருக்கு." பலத்த கைதட்டல். யார் முதலில் தட்ட வேண்டும் என்று சார்லஸ் ஏற்கெனவே ஆள் போட்டிருந்தார்.

டாக்டர் தேவிப்ரியாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அவர் வெள்ளை மனதோடு பேசினார். "பக்கவாதத்துல ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். பாய் விஷயத்துல யாரையும் குறை சொல்ல முடியாது. மில்லை விட்டுக் கிளம்பி அவரு தனியா இருக்கும்போது நடந்துருச்சு. பக்கத்துல ஒரே ஒரு ஆள் இருந்து, இத்தனை மணிக்கு விழுந்தாருன்னு சொல்லியிருந்தா நான் ஊசி போட்டிருப்பேன். இந்தக் கை இன்னைக்கு வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். நான் அன்னைக்கு எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா?"

அன்று சுற்றி நின்ற அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பின்வரிசையில் மூக்கன் எழுந்தான்.

"நாலு மணி டாக்டர்," என்றான். "டீ வந்த நேரம். ஏழாம் நம்பர் மிஷின்கிட்ட விழுந்தாரு. நான்தான் மொதல்ல ஓடிப் போய்ப் பாத்தேன்."

கோபிநாத் சட்டென்று மைக்குக்குப் போனார். "டாக்டர், அவரு ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசுறாரு. அன்னைக்கு மூக்கனும் ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டாரு."

"ஆமா டாக்டர்," என்றான் மூக்கன். "ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேன். இப்பவும் நான் வீட்டுலதான் இருக்கேன். வெளிய மிஷின்ல போய்ப் பாருங்க, என் வெரலு இருக்கும்."

டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கையில் இருந்த நினைவுப் பரிசை மேஜையில் வைத்தார். கூட்டத்தைப் பார்த்து, மைக் இல்லாமலே கேட்டார்.

"வேற யாரெல்லாம் இப்ப வீட்டுல இருக்கீங்க?"

முதலில் மூக்கனின் மனைவி கையைத் தூக்கினாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்த பெண். பிறகு ஒரு வரிசை, அதற்குப் பின் இன்னொரு வரிசை. கடைசியில், குனிந்த தலையோடு, சார்லஸ். ஹாஜா முகைதீன் திரும்ப முடியாமல் திரும்பிப் பார்த்தார். தானும் தூக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பழக்கத்தில் வலது கையைத்தான் தூக்கப் பார்த்தார். அது மடியிலேயே கிடந்தது. ரஹ்மத் நிஷா அந்தக் கையை எடுத்து, மணிக்கட்டில் பிடித்து, மேலே தூக்கிக் காட்டினாள். கனமாகத்தான் இருந்தது. அவள் இறக்கவில்லை.

மில்லின் போட்டோக்காரர் அதைப் படம் எடுத்தார். இப்போது கேட்டில் அந்தப் படம்தான் பெரிதாக மாட்டியிருக்கிறது. கீழே, "இதயம் காப்போம் என உறுதிமொழி ஏற்கும் நல்லுள்ளம் குடும்பத்தினர்" என்று எழுதியிருக்கிறது. டாக்டர் புகார் எழுதினார். அதிகாரிகள் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் திருப்தியோடு போனார்கள். மூக்கனுக்கும் அவன் மனைவிக்கும் மறுநாளிலிருந்து வேலை இல்லை.

மூக்கன் இப்போது கீரனூரில் கிடைத்த வேலையைப் பார்க்கிறான். சாயங்காலம் தவறாமல் குளத்தூர் வந்துவிடுவான். ஹாஜா முகைதீனின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் தொட்டு, விரல் விரலாக நீவி விடுவான். அந்த நாலு மணியைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. நீவிக்கொண்டே அவன் தினமும் ஒரு கேள்விதான் கேட்பான்.

"தெரியுதா மாமா?"

ஹாஜா முகைதீன் நாக்கைத் திரட்டி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார்.

"தெ...ரி...யுது."

அந்தக் கையில் அவருக்கு ஒன்றுமே தெரிவதில்லை.